ரொக்கமா, ஸ்கேனரா, மெஷினா, கடனா? மலையில் பணம் வாங்கும் வழிகளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது

கோத்தகிரியில் காட்டேஜ் நடத்துகிறவரிடமோ, கொடைக்கானலில் சாக்லேட்டும் தைலமும் விற்கிறவரிடமோ எந்தெந்த வழியில் பணம் வாங்குகிறீர்கள் என்று கேட்டால் ரொக்கம், ஜிபே, கார்டு, செக் என்று வரிசையாகச் சொல்வார்கள். வங்கிக்காரர்களும் அப்படித்தான் அடுக்குவார்கள். கருவியின் பெயரை வைத்துப் பிரிக்கும் இந்தப் பழக்கம், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவெடுக்க உதவாது. யுபிஐயும் கார்டும் 'டிஜிட்டல்' என்று ஒரே தலைப்பில் வந்துவிடுகின்றன. ஆனால் கார்டில் வந்த பணத்தை வாடிக்கையாளர் ஊருக்குப் போய் மாதக்கணக்கில் கழித்தும் மறுக்கலாம். யுபிஐயில் வந்தது பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். ரொக்கமும் செக்கும் 'பழைய முறை' என்று ஒன்றாகப் பேசப்படுகின்றன. ஒன்று வாங்கிய நொடியே பணம், மற்றது பணமாகும் என்ற வாக்குறுதி மட்டுமே.

வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. பணம் எப்போது மறுபேச்சில்லாமல் நம்முடையது ஆகிறது? சிக்னலும் கரண்டும் போனால் அந்த வழி நிற்குமா? செலவு யார் தலையில்? பொருள் கைமாறுவதற்கு முன்பா, அப்போதேவா, பின்பா? இவற்றில் முதல் கேள்விக்குத்தான் எடை அதிகம். மலையில் இரண்டாவது கேள்வி அதற்கு மிக நெருங்கி வரும்.

எப்போது நம்முடையது?

ரொக்கத்தில் இந்தப் பேச்சே எழாது. நோட்டு நல்ல நோட்டாக இருந்தால் விவகாரம் கல்லாப்பெட்டியோடு முடிந்தது.

அடுத்த படியில் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட், ஐஎம்பிஎஸ் என்ற வங்கிவழிப் பரிமாற்றங்கள் நிற்கின்றன. மூன்றிலும் கொடுப்பவர்தான் தன் கணக்கிலிருந்து பணத்தை அனுப்புகிறார். உங்கள் கணக்கில் வரவு வைத்த பிறகு அவர் மனம் மாறினாலும் தானாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. ஆர்டிஜிஎஸ் 2 லட்சம் ரூபாயிலிருந்துதான் தொடங்கும். நெஃப்ட் அரை மணிக்கு ஒரு தொகுப்பாகப் போகும். 2019 டிசம்பர் 16 முதல் ஞாயிறு, விடுமுறை எதுவும் பார்ப்பதில்லை. ஐஎம்பிஎஸ் 5 லட்சம் வரை, உடனுக்குடன். இங்கே வழக்கமாக நடக்கும் தவறு கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறுவதுதான். 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதி வங்கிகளில் வந்திருக்கிறது. பெரிய தொகை அனுப்புகிறவரிடம் 'பெயர் சரியாக வருகிறதா பாருங்கள்' என்று சொல்லிவிட்டால் பாதித் தலைவலி குறையும். இன்னொன்று: அனுப்புகிறவர் காட்டும் எஸ்எம்எஸ் அவருடைய வங்கியின் சொல். உங்கள் வங்கி சொல்வதுதான் வரவு.

யுபிஐயும் இதே இனம்தான், ஆனால் அதற்குள் இரண்டு வகை உண்டு. உங்கள் சொந்த நம்பருக்கு வாங்குவது ஆளுக்கு ஆள் பரிமாற்றம். கடைப் பெயரில் பதிவு செய்த க்யூஆரில் வாங்குவது வியாபாரப் பரிமாற்றம். வாடிக்கையாளர் கணக்கில் பணம் பிடித்து உங்களுக்கு வராமல் போனால் இந்த வித்தியாசம் கண்ணில் படும். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி ஆளுக்கு ஆள் என்றால் அடுத்த நாளுக்குள்ளும், கடை என்றால் 5 நாளுக்குள்ளும் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஆகவே 'பெண்டிங்' என்று நின்றால் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அவருடைய திரையில் உள்ள 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணையும் அவருடைய போன் நம்பரையும் பில்லில் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து பத்து நிமிடம் பாருங்கள். வரவில்லையென்றால் ரொக்கமாக வாங்கிக்கொண்டு, 'முதலில் போனது திரும்பி வரும், ஒருவேளை எனக்கே வந்துவிட்டால் அனுப்பிவிடுகிறேன்' என்று நம்பரைக் கொடுங்கள். அவசரப்பட்டு இரண்டாவது முறை ஸ்கேன் செய்யச் சொன்னால் இரண்டும் வந்து சேர்ந்து, திருப்பி அனுப்பும் வேலை உங்கள் தலையில் விழும்.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பிச் சரக்கு கொடுப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பச்சை டிக் காட்டும் போலி ஆப்கள் உண்டு. சவுண்ட் பாக்ஸ் குரலோ, சொந்த ஆப்பில் தெரியும் வரவோ இல்லாமல் பொருள் கைமாறக் கூடாது. காலையில் கடை திறந்ததும் உங்கள் ஸ்டிக்கரையே ஒருமுறை ஸ்கேன் செய்து பெயர் உங்களுடையதுதானா என்று பாருங்கள். மேலே வேறு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போகும் திருட்டு சீசன் கூட்டத்தில் எளிது. பணம் 'வாங்குவதற்கு' யாராவது பின் நம்பர் (ரகசிய எண்) போடச் சொன்னால் அது மோசடி. வாங்குகிறவர் பின் போடும் தேவை யுபிஐயில் எங்கும் இல்லை. ஆளிடமிருந்து ஆள் 'பணம் அனுப்பு' என்று கேட்டுத் தூது விடும் வசதியை 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டதற்கும் இந்த ஏமாற்றுதான் காரணம்.

யுபிஐ வரவு 'முடிந்தது' என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அறை எடுத்தவர் கொடுத்த பணம் எங்கோ நடந்த சைபர் மோசடியின் சங்கிலியில் வந்ததாக இருந்தால், சைபர் புகாருக்கான 1930 எண்ணில் பதிவான புகாரை வைத்து வங்கி உங்கள் கணக்கில் அந்தத் தொகையை முடக்கலாம். சில சமயம் கணக்கையே முடக்கும். நீங்கள் குற்றவாளி இல்லை என்பது அந்த நேரத்தில் உதவாது. உதவுபவை பில், தங்கியவர் பதிவேடு, அடையாள அட்டை நகல். கிளைக்குப் போய்ப் புகார் எண்ணையும் எந்தக் காவல் நிலையம் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். அந்த நிலையத்துக்கு ஆவணங்களை அனுப்புங்கள். இதனால்தான் வசூலுக்கு ஒரு கணக்கு, வீட்டுச் செலவுக்கும் கடன் தவணைக்கும் வேறொரு கணக்கு என்று பிரித்து வைப்பது நல்லது. வசூல் கணக்கு முடங்கினாலும் அடுப்பு எரியும்.

கார்டு வேறு இனம். மெஷினில் ஸ்லிப் வந்ததும் பணம் வந்ததாகத் தோன்றும். கணக்கில் விழுவது பொதுவாக அடுத்த வேலை நாள். அதன் பிறகும் 'நான் தங்கவே இல்லை', 'சொன்ன அறை இது இல்லை' என்று கார்டு வைத்திருப்பவர் தன் வங்கியில் முறையிடலாம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பல காரணங்களுக்கு 120 நாள் வரை அவகாசம் உண்டு. மே மாத மலர்க் கண்காட்சிக்கு வந்தவர் ஆகஸ்டில் மறுக்கலாம் என்று பொருள். பதில் தர உங்களுக்குக் கிடைப்பது சில நாட்களே. கையெழுத்திட்ட பதிவேடும் பில்லும் கையில் இல்லாத காட்டேஜ் அந்தப் பணத்தை இழக்கும். கார்டின் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: ரொக்கம் தராத வெளிநாட்டுப் பயணியிடம் பெரும்பாலும் இதைத் தவிர வேறு வழியில் வாங்க முடியாது. முன்பதிவுக்குக் கார்டில் கட்டுகிறவர் துணிந்து கட்டுவதற்குக் காரணமே, ஏமாந்தால் மீட்கலாம் என்ற அந்த உரிமைதான்.

செக் எல்லாவற்றுக்கும் கடைசி. தேதியிலிருந்து 3 மாதம்தான் செல்லும். 2025 அக்டோபர் 4 முதல், வங்கி வேலை நேரத்தில் கொடுக்கும் செக்குகள் உடனுக்குடன் அனுப்பப்பட்டு, பணம் தர வேண்டிய வங்கி அன்று மாலை 7 மணிக்குள் ஏற்கவோ மறுக்கவோ வேண்டும் என்று ஆகியிருக்கிறது. முன்பு இரண்டு நாள் காத்திருந்தது இப்போது ஒரு நாளில் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் உள்கிராமத்திலிருந்து கிளைக்கு வந்து போட வேண்டும். பணமில்லாமல் செக் திரும்பினால், அதைச் சொல்லும் வங்கி மெமோ வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ். அவருக்கு 15 நாள் அவகாசம். அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார். தேதி ஒன்று தப்பினாலும் வழக்கு பலமிழக்கும். பிந்தைய தேதி போட்ட செக்கை 'உத்தரவாதம்' என்று வாங்குகிறவர்கள் இந்தக் கணக்கை அறிந்து வாங்க வேண்டும்.

சிக்னலும் கரண்டும்

கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கம் அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 2018 நவம்பரில் கஜா புயல் பழனி மலையில் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தது. அந்த அளவு போக வேண்டாம். சாதாரண மழை நாளிலேயே ஒரு மரம் லைன் மேல் விழுந்தால் கரண்ட் போகும், சில மணி நேரத்தில் டவரின் பேட்டரியும் இறங்கும். ஆக, சிக்னல் போவது கரண்ட் போன உடனே இல்லை, கொஞ்சம் கழித்து. அந்த இடைவெளியில் பாக்கியை வாங்கிவிட வேண்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம், க்யூஆர் ஸ்கேனுக்கு நெட் தேவைப்படுவது வாடிக்கையாளரின் போனுக்குத்தான் என்பது. உங்கள் போன் அணைந்திருந்தாலும் பணம் வரும்; தெரியாது, அவ்வளவே. மலையில் ஒரு வளைவில் ஒரு கம்பெனி எடுக்கும், அடுத்த வளைவில் வேறொன்று. வந்தவருடைய சிம் உங்கள் இடத்தில் எடுக்காது என்றால் தீர்வு உங்கள் வைஃபை. கேபிள் வழி இணைப்பும், ரூட்டருக்கு மட்டும் ஒரு சின்ன பேட்டரி பேக்கப்பும் இருந்தால் கரண்ட் போன பின்பும் வசூல் நடக்கும். சவுண்ட் பாக்ஸுக்குள்ளும் ஸ்வைப் மெஷினுக்குள்ளும் ஒரு சிம் உண்டு. வாங்கும்போதே உங்கள் கடை நிற்கும் இடத்தில் எது எடுக்கிறதோ அந்தக் கம்பெனி சிம் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஊட்டி சேரிங் கிராஸில் வைத்துச் சோதித்துக் காட்டினால் போதாது. உங்கள் கல்லாவில் வைத்துப் பார்க்க வேண்டும்.

நெட் மெதுவாக இருக்கும்போது தோல்வி அதிகம் வருவது பின் போட்ட பிறகு, வங்கி சர்வர் பதில் தரும் கட்டத்தில். யுபிஐ லைட் அதைத் தாண்டிச் செல்லும். 5,000 ரூபாய் வரை போனிலேயே ஏற்றி வைத்துக்கொண்டு, ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை பின் இல்லாமல் கொடுக்கலாம். நெட் வேண்டும், ஆனால் அந்த நேரத்தில் வங்கி சர்வர் பதில் சொல்லக் காத்திருக்க வேண்டியதில்லை. டீக்கடைக்கும் வறுத்த சோளத்துக்கும் இதுவே பொருத்தம். டேட்டா இல்லாமல் பேச்சு மட்டும் எடுக்கும் இடத்தில் *99# போட்டு 5,000 ரூபாய் வரை அனுப்பலாம், பட்டன் போனிலும் நடக்கும். சுற்றுலாப் பயணி இதைச் செய்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். உள்ளூர் வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுத்தால் பழகிக்கொள்வார்.

காட்டேஜ்காரர்களுக்கு இதிலிருந்து ஒரே ஒரு விதி வரும்: அறைப் பாக்கியை வரும்போதே வாங்குங்கள். காலையில் கிளம்பும் நேரத்தில் டிரைவர் ஹாரன் அடிப்பார், நெட் சுற்றும், பணம் பெண்டிங்கில் நிற்கும், வண்டி மலை இறங்கிவிடும். மாலையில் வாங்கினால் சிக்கல் தெளிய ஓர் இரவு இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. புது போன் வாங்கி யுபிஐ பதிந்தவருக்கு முதல் 24 மணி நேரத்தில் 5,000 ரூபாய்தான் வரம்பு. 8,000 ரூபாய் அறைக்கு அவர் இரண்டு நாளில் பிரித்துத்தான் கட்ட முடியும்.

எமரால்டு, மன்னவனூர் போன்ற உள்ளடங்கிய மலை ஊர்களுக்கு வருகிறவர்கள் ஏடிஎம்மை நம்பிக் கிளம்பக் கூடாது. முன்பதிவை உறுதிப்படுத்தி அனுப்பும் செய்தியிலேயே 'கொஞ்சம் ரொக்கம் கொண்டு வாருங்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

செலவு யாருக்கு

யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் வியாபாரியிடம் கட்டணம் பிடிப்பதில்லை. மற்ற டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள கடையில் 0.40 சதவீதம்தான் உச்சம். அதற்கு மேற்பட்ட கடைக்கு 0.90. கிரெடிட் கார்டுக்கு உச்சவரம்பு இல்லை. 2 சதவீதம் என்று வைத்தால் 3,000 ரூபாய் அறைக்கு 60 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 10 ரூபாய் 80 பைசா. டெபிட் கார்டில் அதே அறைக்கு 12 ரூபாய். டெபிட் கார்டுக்காரரிடம் 'இரண்டு பர்சென்ட் சேர்த்துத் தாருங்கள்' என்று கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மலையில் கேட்காத கடையைத் தேட வேண்டியிருக்கிறது என்பது வேறு விஷயம். ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் இணைத்துத் தருகிறவர்களும் உண்டு. அது கடை க்யூஆரில் மட்டுமே எடுக்கும், சொந்த நம்பருக்குப் போகாது. சிறு கடையில் 2,000 ரூபாய் வரை அதற்கும் கட்டணமில்லை.

மெஷினுக்கும் சவுண்ட் பாக்ஸுக்கும் மாத வாடகை ஒன்று உண்டு. சீசனில் அது உறுத்தாது. ஜூலை மழையில் ஆளே இல்லாத மாதத்திலும் பிடிப்பார்கள் என்பதை வாங்கும்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

ரொக்கம் இலவசம் என்ற நினைப்பும் சரியில்லை. சில்லறை தேடும் நேரம், கிளைக்குப் போகும் பஸ், ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும் நோட்டு, நடப்புக் கணக்கில் மாத வரம்பைத் தாண்டிக் கட்டினால் வங்கி பிடிக்கும் தொகை எல்லாம் செலவுதான். நாணயத்தை வாங்க மறுக்காதீர்கள். ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் ஒரு முறைக்கு 1,000 ரூபாய் வரை சட்டப்படி செல்லும், பத்து ரூபாய் நாணயமும் சேர்த்து.

வரிக் கணக்கில் வரவின் வகை நேரடியாகப் பணமாகிறது. கணக்குப் புத்தகம் இல்லாமல் உத்தேச வருமானம் காட்டும் சிறு வியாபாரிக்கு ரொக்க விற்பனையில் 8 சதவீதம் லாபமாகக் கொள்ளப்படும். வங்கி வழி, யுபிஐ வழி வந்ததில் 6 சதவீதம். ஆண்டுக்கு 30 லட்சம் விற்றால் 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் 1 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் உள்ள வித்தியாசம் அது. 'ஸ்கேனர் வைத்தால் ஜிஎஸ்டி வந்துவிடும்' என்ற பயம், 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு கடைகளுக்கு யுபிஐ வரவை வைத்து நோட்டீஸ் போன பிறகு எல்லை தாண்டிக் கூடலூர் வரை பரவியது. சரக்கு விற்பனைக்கு 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்ற வரம்பு ரொக்கத்தையும் சேர்த்துத்தான். ஸ்கேனரை எடுத்துவிட்டால் வரம்பு உயராது. மச்சான் அனுப்பிய கைமாற்றும் சீட்டுப் பணமும் கடைக் கணக்கிலேயே விழுந்தால்தான் பார்ப்பவருக்கு எல்லாம் விற்பனையாகத் தெரியும். கணக்கைப் பிரிக்க இது இரண்டாவது காரணம்.

முன்பணம், கைப்பணம், பின்பணம்

இங்கே கேள்வி கருவியைப் பற்றியது இல்லை, யார் யாரை நம்புகிறார் என்பது. முன்பணத்தில் வாடிக்கையாளர் நம்புகிறார், பின்பணத்தில் விற்கிறவர் நம்புகிறார்.

காட்டேஜ் முன்பணத்தில் இப்போது புதிதாகச் சேர்ந்திருப்பது இ-பாஸ். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு அது வேண்டும். 2025 சீசனில் எண்ணிக்கை வரம்பும் வந்தது. நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. முன்பணம் கட்டியவருக்குப் பாஸ் கிடைக்கவில்லை என்றால் பணம் யாருடையது? இதை முன்பே எழுத்தில் சொல்லாத இடங்களில்தான் தகராறு. 'பாஸ் எடுத்த பிறகு முன்பணம் கட்டுங்கள்' என்று வரிசையை மாற்றினால் பாதிப் பிரச்சினை இல்லை. மண் சரிந்து பாதை மூடினால் தேதி மாற்றித் தருவதா, பணமா என்பதையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள்.

முன்பணத்தை யுபிஐயில் வாங்கினால் கட்டணம் இல்லை, திருப்பித் தருவது உங்கள் கையில். லிங்க் அனுப்பி கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் இடைநிறுவனம்) வழியாக வாங்கினால் கட்டணம் உண்டு, பணம் ஒன்றிரண்டு வேலை நாள் கழித்து வரும். ஆனால் அறிமுகமில்லாதவர் தயங்காமல் கட்டுவார். முன்பதிவுத் தளங்கள் மூன்றாவது வகை. பணம் இடையில் நிற்கும்; கமிஷன் போக, ஜிஎஸ்டி கணக்கில் 0.5 சதவீதமும் வருமான வரிக் கணக்கில் 0.1 சதவீதமும் பிடித்தபின் வரும். இந்த இரண்டும் செலவில்லை, கணக்குத் தாக்கல் செய்தால் வரவில் எடுத்துக்கொள்ளலாம். பலர் அதைக் கேட்பதே இல்லை.

வைப்புத்தொகை தனி இனம், அது விலையும் இல்லை முன்பணமும் இல்லை. 2022 மே முதல் நீலகிரியில் மதுபாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்களே, அதுதான். அறைக்கு வைப்புத்தொகை வாங்குகிறவர்கள் அதை வசூலோடு கலக்காமல், தனி உறையிலோ தனிக் குறிப்பிலோ வைத்திருந்தால் கிளம்பும் நேரத்தில் தேட வேண்டாம்.

பின்பணத்தில் மலையின் பெரிய உதாரணம் பசுந்தேயிலை. சிறு விவசாயி தினமும் இலை கொடுக்கிறார்; தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் சராசரி விலையை ஒட்டிக் கணக்கு முடிந்து, பணம் பிறகு கணக்கில் ஏறுகிறது. கருவி நெஃப்ட் என்பதால் பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். ஒரு மாத இலை முழுவதும் தொழிற்சாலையிடம் கடனாக நிற்கிறது. எடைச் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி வைத்திருப்பதே இங்கே ரசீது. கூட்டுறவுத் தொழிற்சாலைக்கா, தனியாருக்கா என்று தேர்ந்தெடுக்கும்போது கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்பதோடு, எத்தனையாம் தேதி ஏறுகிறது, முன்பணமாக எவ்வளவு தருகிறார்கள், ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். இலைக்குக் கூடுதலாகச் சொல்லிவிட்டு எடையில் கழித்துக்கொள்ளும் இடத்தில் விலையை மட்டும் ஒப்பிட்டால் ஏமாற்றமே மிஞ்சும்.

கேரட், உருளைக்கிழங்கு மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும்போது நடப்பது இதன் தலைகீழ். விதைக்கும் உரத்துக்கும் மண்டியில் முன்பணம் வாங்கிய விவசாயி, அறுவடையை அங்கேயே இறக்க வேண்டும். பட்டியலில் கமிஷன், கூலி, லாரி வாடகை, சாக்கு எல்லாம் கழிந்து, முன்பணத்தின் பங்கும் கழிந்து மீதிதான் கைக்கு வரும். வட்டி என்று தனியாக ஒன்றும் எழுதியிருக்காது. அது கமிஷனுக்குள்ளும் விலைக்குள்ளும் இருக்கும். முன்பணம் வாங்காத ஆண்டில் அதே சரக்குக்கு வேறு மண்டியில் என்ன கிடைத்திருக்கும் என்று ஒரு லோடுக்காவது கேட்டுப் பாருங்கள். கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடனோடு ஒப்பிட அந்த வித்தியாசம்தான் சரியான அளவு.

மண்டிப் பணத்தை ரொக்கமாக வாங்குகிறவர்கள் ஒரு வரம்பை மறக்கக் கூடாது. ஒருவரிடமிருந்து ஒரே நாளில், அல்லது ஒரே வியாபாரத்துக்காக, 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. அபராதம் வாங்கியவருக்கு, வாங்கிய தொகைக்குச் சமமாக. விவசாய வருமானத்துக்கு வரி இல்லை என்பது இதிலிருந்து காப்பாற்றாது. இன்று ஒன்றரை, நாளை ஒன்றரை என்று பிரித்தாலும் வியாபாரம் ஒன்றே. நல்ல விலை நாளில் ஒரு லாரி கேரட் இந்த வரம்பைத் தொட்டுவிடும். மலைப்பூண்டுக்காரர்களுக்கும் இதே கணக்குதான். நெஃப்டில் வாங்குங்கள்.

தோட்டத் தொழிலாளியின் கூலி கணக்கில் ஏறுவதில் பதிவு இருக்கிறது, நல்லதுதான். எடுப்பதில்தான் சிக்கல். தபால்காரர் கொண்டுவரும் கருவியில் ஆதாரும் விரல்ரேகையும் வைத்து வீட்டுவாசலிலேயே எடுக்கலாம். ஆனால் கொழுந்து பறித்தும் காய் கழுவியும் தேய்ந்த விரலைக் கருவி ஏற்காமல் போகும். வேலை முடிந்த கையோடு வைக்காமல், கழுவித் துடைத்து, சற்று எண்ணெய்ப் பசையோடு வேறு வேறு விரலை வைத்துப் பாருங்கள். தொடர்ந்து ஏற்கவில்லை என்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்க வேண்டும். எடுக்காத நாட்களில் ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைப்பதும் நல்ல பழக்கம்.

யாருக்கு எது

வளைவோர டீக்கடை, பழக்கடை: கடைப் பெயரில் க்யூஆர், சவுண்ட் பாக்ஸ், கல்லாவில் பத்தும் இருபதுமாகச் சில்லறை. மெஷின் வேண்டாம். வாங்கும் தொகை சிறிது. கார்டை நீட்டுபவர்களில் பெரும்பாலோர் போனையும் வைத்திருப்பார்கள்.

நகரத்துச் சாக்லேட், தைலக் கடை: மேற்சொன்னவற்றோடு, பில் 2,000 ரூபாயைத் தாண்டுவது வழக்கமானால் மட்டும் மெஷின். கார்டைத் தட்டி 5,000 ரூபாய் வரை பின் இல்லாமல் எடுக்கும் மெஷின்தானா என்று கேளுங்கள். கூட்ட நேரத்தில் வரிசை அதில்தான் நகரும்.

காட்டேஜ்: முன்பணம் யுபிஐயில், பாஸ் எடுத்த பிறகு. பாக்கி வரும் மாலையில். வெளிநாட்டினர் வருகிற இடமானால் மெஷின் அவசியம், பதிவேடு அதைவிட அவசியம். வசூலுக்குத் தனிக் கணக்கு. நிறுவனங்கள் மொத்தமாக அறை எடுத்து 'பில் அனுப்புங்கள், செக் வரும்' என்றால், முதல் முறைக்குப் பாதியை நெஃப்டில் முன்கூட்டியே கேளுங்கள். தர மறுக்கும் நிறுவனத்தின் செக்குக்காகப் பிறகு அலைவதைவிட அந்த அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம்.

இலையும் காயும் விற்பவர்: வங்கி வரவு, எடைச் சீட்டு, பட்டியல். ரொக்கம் கைச்செலவுக்கு மட்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் மெஷினை முதல் நாளே வாங்க வேண்டியதில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் 'கார்டு எடுக்குமா?' என்று கேட்டவர்களைக் கல்லா நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். அதில் எத்தனை பேர் போனில் கொடுத்துவிட்டுப் போனார்கள், எத்தனை பேர் வாங்காமலே போனார்கள் என்று பிரித்து எழுதுங்கள். வாங்காமல் போனவர்களின் பில்லில் கிடைத்திருக்கும் லாபம், மெஷினின் ஓராண்டு வாடகையைத் தாண்டுகிறதா என்று பார்த்து ஜூனில் முடிவு செய்யலாம். அப்போது வாடகையில் பேரம் பேசவும் இடம் இருக்கும்.